வாசகர் கேள்வி – பதில்: இல்லத்தை விட்டுப் புறப்படும் பிள்ளைகள்

குழந்தைகள் இல்லங்களிலும் வளர்ப்புப் பெற்றோரிடமும் வளர்கிற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பெண் குழந்தைகள் இல்லத்தில் நான்கு பேருக்கு வரும் ஜூன், ஜூலையில் 18 வயது முடிகிறது. இவர்களுக்கு என்ன செய்ய முடியும், எங்கிருந்து தொடங்குவது?
— கண்காணிப்பாளர், விழுப்புரம் மாவட்டம்

முதலில் நான்கு பேருக்கும் பிற்காப்பு, அதாவது 18 முடிந்து இல்லத்தை விட்டுச் செல்பவர்களுக்கான உதவி, கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க ஆணையிடும் குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒன்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு நகல். இரண்டிலும் தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். பிறந்தநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கோப்பு மூடப்பட்டுவிடும். மூடிய கோப்பைத் திறக்கவைப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடக் கடினம்.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 46-ஆவது பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டுச் செல்பவருக்கு நிதியுதவி தரலாம் என்கிறது. பிற்காப்பு என்பது 18 முடிந்து 21 முடியாதவர்களுக்கானது. அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள் சிறப்புச் சூழலில் இன்னும் இரண்டு ஆண்டு நீட்டிக்க இடம் தருகின்றன. ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்து தங்கும் குழு வீடு, தொழிற்பயிற்சிக் காலத்துக்கான உதவித்தொகை, உயர்கல்வி உதவி ஆகியவையும் அந்த விதியில் இருக்கின்றன. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு மாதம் ரூ.4,000. அது அந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். ஆகவே கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள்.

"நிதியுதவி வேண்டும்" என்று ஒற்றை வரியில் விண்ணப்பம் எழுதாதீர்கள். எங்கே தங்கப் போகிறாள், என்ன படிக்கிறாள் அல்லது என்ன வேலை, மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு உதவி வேண்டும், இல்லத்திலிருந்து யார் தொடர்பில் இருப்பார் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். அவளுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் (ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதப்படும் திட்டம்) நகலை இணையுங்கள். அந்தத் திட்டத்தில் கடைசி இரண்டு ஆண்டுகளாக "நன்றாகப் படிக்கிறாள், ஒழுக்கமானவள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை இப்போதே அவளோடு உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள். அவள் பேசாமல் நீங்களே எழுதிய திட்டம் ஆறு மாதம்கூட நிற்காது.

இனி வரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையை 16-ஆவது பிறந்தநாளில் தொடங்குங்கள்.

ஒரு இல்லத்தில் சனிக்கிழமைகளில் பாடம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகளுக்கு ஆதார் தவிர வேறு எதுவும் இல்லை. 18-க்குள் என்னென்ன ஆவணம் எடுக்க வேண்டும், எந்த வரிசையில்?
— வாசகர், மதுரை

வரிசையைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. பெரும்பாலும் தப்பு அங்கேதான் நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன், பிறந்த தேதியும் பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். தெருவிலிருந்தோ ரயில் நிலையத்திலிருந்தோ மீட்கப்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொன்ன உத்தேச வயதை வைத்து ஒரு தேதி போட்டிருப்பார்கள். பள்ளியில் சேர்த்தவர் வேறொன்றைச் சொல்லியிருப்பார். ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் தேதிதான் பிறகு எங்கும் கேட்கப்படும். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளிப் பதிவேட்டைச் சரிபார்த்துவிடுங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறையும் பெயரை இரண்டு முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டு ஆதாரை முதலில் திருத்திவிட்டால், பிறகு சரியான சான்று கையில் வந்தும் பயன்படாமல் போகும். முன்னெழுத்தும் இதில் அடக்கம். "கா. செல்வி", "செல்வி கா", "செல்வி" மூன்றும் கணினிக்கு மூன்று பேர்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். பிறந்து ஓராண்டுக்குள் பதியவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரின் ஆணை வேண்டும். இதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பங்களில் முதலில் தொடங்க வேண்டியது இதுதான்.

பிறகு ஆதாரில் 15 வயதுக்குரிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு. இதைச் செய்யாத பிள்ளை 18 வயதில் வங்கியில் விரலை வைத்தால் "பொருந்தவில்லை" என்று வரும்.

ஆதாரில் பதிந்துள்ள கைப்பேசி எண் யாருடையது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் கண்காணிப்பாளருடையதாகவோ பழைய வார்டனுடையதாகவோ இருக்கும். இல்லத்தை விட்டுப் போன பையன் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் நிற்பான், ஓ.டி.பி. கடலூரில் யாரோ ஒருவருடைய போனுக்குப் போகும். பி.எஃப்., வங்கி, கல்வி உதவித்தொகை எல்லாம் அந்த ஆறு இலக்கத்தில் மாட்டிக்கொள்ளும். 18 ஆகாதவர் பெயரில் சிம் தர மாட்டார்கள். ஆகவே அதுவரை தனியாள் எண்ணைக் கொடுக்காமல், இல்லத்துக்கென்று எடுத்த, ஆள் மாறினாலும் இல்லத்திலேயே இருக்கும் சிம்மின் எண்ணைக் கொடுங்கள். 18 முடிந்த வாரமே அவர் பெயரில் சிம் வாங்கி, ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுங்கள். எண் மாற்ற வேறு ஆவணம் தேவையில்லை, கைரேகை போதும்.

சாதிச் சான்றிதழ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட குழந்தைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கை, விடுதி, உதவித்தொகை மூன்றுக்கும் இது உதவும். பெற்றோரில் ஒருவர் இருந்தால் பொருந்தாது. பெற்றோரின் சாதிக்கு ஆவணம் இருந்தால் அதன்படி வாங்குவதில் எந்தத் தடையும் இல்லை. விண்ணப்பத்தோடு குழந்தைகள் நலக் குழுவின் ஆணையையும் இல்லத்தின் பதிவுச் சான்றையும் சேர்த்து வையுங்கள்.

வங்கிக் கணக்கு இருந்தாலும் அது சிறார் கணக்கு. 18 முடிந்ததும் புதிய புகைப்படம், கையெழுத்து, அடையாளச் சான்று கொடுத்து மாற்றாவிட்டால் பணம் எடுக்க விடமாட்டார்கள். வாக்காளர் பட்டியலுக்கு 17 முடிந்ததுமே படிவம் 6-இல் முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். கடவுச்சீட்டு தேவைப்பட்டால், பிறந்த தேதிச் சான்று இல்லாத பிள்ளைக்கு இல்லத் தலைவர் தன் கடிதத்தாளில் தரும் உறுதிமொழி ஏற்கப்படும்.

மூலச் சான்றுகள் அவர்களுடையவை. புறப்படும் நாளில் எல்லாவற்றையும் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகல் தொகுப்பு இல்லத்தில் இருக்கட்டும். இன்னொன்றை அவர்களின் டிஜிலாக்கரில் (ஆவணங்களை இணையத்தில் சேமிக்கும் அரசுச் செயலி) ஏற்றி, கடவுச்சொல்லை அவர்களையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இல்லத்திலிருந்து எங்களிடம் வளர்ப்புப் பராமரிப்பில் வந்த பையனுக்கு இப்போது பதினாறு. நல்ல பிள்ளை. ஆனால் எதற்கும் விலை தெரியவில்லை. ஐநூறு ரூபாய் கொடுத்தால் அன்றைக்கே காலி. சமைக்கவும் தெரியாது. எப்படிப் பழக்குவது?
— வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் பையனிடம் தப்பில்லை. இல்லத்தில் சோப்பு மொத்தமாக வரும், துணி நன்கொடையாக வரும், சோறு மணியடித்தால் வரும். கடைக்காரரிடம் "எவ்வளவுண்ணே?" என்று கேட்டு, யோசித்து, வேண்டாம் என்று திரும்பிவரும் அனுபவமே அவனுக்கு அமைந்திருக்காது. கையில் இருப்பது நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை, அதனால்தான் அன்றைக்கே செலவழிக்கிறான்.

ஐநூறைக் கொடுக்காதீர்கள். வாரம் 150 ரூபாயில் தொடங்குங்கள். எந்தக் கிழமை என்று முடிவுசெய்து, அந்த நாள் தவறவே கூடாது. பணம் சொன்ன நாளில் வரும் என்று அவன் உடம்பு நம்ப ஆரம்பிப்பதுதான் முதல் பாடம். அந்த 150-க்குள் அவன் பொறுப்பு என்ன என்பதைத் தாளில் எழுதுங்கள்: சோப்பு, தலைக்கு எண்ணெய், பேனா, தின்பண்டம். சாப்பாடும் பள்ளிக்குப் போகும் பஸ் காசும் இதில் சேரக் கூடாது. இரண்டு மாதம் கழித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300. அதற்கு இரண்டு மாதம் கழித்து மாதம் ஒருமுறை 600, கூடவே முடிவெட்டும் செலவும் போன் ரீசார்ஜும் அவன் கணக்கு. ரீசார்ஜுக்கான தொகையை மட்டும் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள்.

புதன்கிழமைக்குள் தீர்த்துவிட்டு வந்து நிற்பான். அப்போது பெரியவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம்: கத்துகிறோம், இல்லையென்றால் பாவம் என்று சத்தமில்லாமல் இன்னொரு ஐம்பதை நீட்டுகிறோம். இரண்டும் வேண்டாம். "சனிக்கிழமை வரும்ப்பா" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மூன்று நாள் தின்பண்டம் இல்லாமல் இருப்பான், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இந்தத் தப்பைப் பத்து முறை செய்யட்டும். தனியாக இருக்கும்போது இதே தப்பு வாடகைப் பணத்தில் நடக்கும்.

இதோடு மாதம் 500 ரூபாய் அவன் பெயரில் வங்கியில் போட முடியுமா பாருங்கள். இரண்டு ஆண்டில் 12,000. ஏன் அந்தத் தொகை என்றால், முதல் வேலையின் முதல் மாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 10-ஆம் தேதி சேர்கிறான். சம்பளம் 12,000, முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 சதவீதம் 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் 90 போகக் கைக்கு 10,470. ஜூனில் 21 நாள்தான் என்பதால் ஜூலை 7-ஆம் தேதி வருவது 7,329 ரூபாய். ஆனால் சேர்ந்த அன்றே விடுதிக்கு, சாப்பாட்டோடு மாதம் 5,500 என்றால், முன்பணமும் சேர்த்து 11,000 கட்ட வேண்டும். பஸ்ஸுக்கு நாளுக்கு 30 என்றாலும் 800 ரூபாய்க்கு மேல், ரீசார்ஜ் 300, சோப்பு சீப்பு 400. சுமார் 12,500 ரூபாய் கையில் இல்லாமல் போனால் முதல் சம்பளத்துக்கு முன்பே கடன் வாங்குவான். கூட வேலை செய்பவரிடமோ கடன் செயலியிலோ வாங்கிய அந்த முதல் கடன் ஆறு மாதம் துரத்தும்.

இந்தக் கணக்கை அவனையே பேனா பிடித்துப் போடச் சொல்லுங்கள். பிடித்தம் எதற்கு என்றும் சொல்லிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ. அட்டையை வைத்து மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம் என்று தெரியாமல் மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கி விழுங்கும் பிள்ளைகள் நிறைய. வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதிய கம்பெனியில் கொடுக்க வேண்டும் என்பதும் இப்போதே காதில் விழட்டும்.

சமையலுக்கு வருவோம். ஆறு பண்டம் போதும்: சோறு, பருப்புக் குழம்பு, ரசம், முட்டைத் தொக்கு, ஒரு பொரியல், உப்புமா. வாரம் ஒன்று என்று எடுங்கள். முதல் முறை அவன் பார்க்கட்டும், இரண்டாம் முறை சேர்ந்து செய்யுங்கள், மூன்றாம் முறை நீங்கள் சமையலறைக்குள் போகாதீர்கள். இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அளவுதான் பெரிய சிக்கல். அண்டாவில் மூட்டைக் கணக்கில் வேகும் சோற்றைத்தான் பார்த்திருப்பான். ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆழாக்கு அரிசி, ஏறக்குறைய 150 கிராம். புழுங்கலரிசிக்குக் குக்கரில் ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர். துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, 30 முதல் 40 கிராம். இரண்டு வேளைச் சோறென்றால் மாதம் ஒன்பது கிலோ அரிசி. மீந்த சோற்றில் இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழையது ஆயிற்று. கோடையில் மூடி வைத்த சோறு மறுநாள் கொழகொழவென்று நூல் விட்டால் தின்னக் கூடாது என்பதையும் சொல்லுங்கள், நமக்கு அது சொல்லாமலே தெரியும், அவனுக்குத் தெரியாது.

குக்கர் பழக்கும்போது ஆவி முழுதும் அடங்கும் முன் மூடியை இழுக்கக் கூடாது என்பதைக் கையைப் பிடித்துக் காட்டுங்கள். தனியறைக்குப் போகும்போது முகவரிச் சான்று இல்லாமலே அடையாள அட்டை காட்டி வாங்கக்கூடிய ஐந்து கிலோ சிலிண்டர் இருக்கிறது. இண்டேனில் சோட்டு, பாரத்கேஸில் மினி, எச்.பி.யில் அப்பு என்று கேட்க வேண்டும். தெருவோரம் அளந்து நிரப்பித் தரும் சிறு சிலிண்டரை வாங்கவே வேண்டாம், அது வெடிக்கும் ஆபத்து உள்ளது.

இல்லத்துப் பிள்ளைகளைச் சமையலறையில் விட்டால் வேலை வாங்குவதாகப் புகார் வராதா?
— இல்லப் பணியாளர், திருநெல்வேலி

நியாயமான பயம். சமையல்காரர் வராத நாளில் பிள்ளைகளை வைத்துச் சமாளித்தால் அது வேலை வாங்குவதுதான். பயிற்சி என்றால் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். 16 முடிந்தவர்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேர், பெரியவர் ஒருவர் அருகில், சமைத்தது அந்த இரண்டு பேருக்கான அளவு. ஐம்பது பேருக்குக் காய் நறுக்குவதால் ஒருவருக்குச் சமைக்க வராது. சிறிய அடுப்பு ஒன்றும் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் தனியாக வாங்கி வையுங்கள்.

அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன், இல்லத்தில் இருக்கிறேன். வேலைக்குப் போனால் காசு வரும், படித்தால் யார் பார்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.
— மாணவன், திருச்சி

தம்பி, கணக்காகவே பார்ப்போம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000. பெண்களுக்கு இதே போலப் புதுமைப் பெண் திட்டம். பிற்காப்பு ஆணை கிடைத்தால் ரூ.4,000. பொறியியல் போன்ற தொழிற்கல்விகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது, அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால் தங்கவும் சாப்பிடவும் செலவில்லை. படிக்க முடியும்.

ஆனால் ஒன்றை இப்போதே கேட்டு வையுங்கள். தீபாவளி, பொங்கல், மே மாதம் என்றால் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். நீங்கள் எங்கே போவீர்கள்? படிப்பைப் பாதியில் விடுகிற இடம் பல நேரம் இதுதான்: தங்க இடமில்லாமல் ஒரு விடுமுறையில் வேலைக்குப் போய், சம்பளம் கண்ணில் பட்டு, திரும்பாமல் இருந்துவிடுவது. கல்லூரியில் சேரும் முன்பே உங்கள் கண்காணிப்பாளரிடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடமும் விடுமுறை நாட்களுக்கான தங்குமிடத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிற்காப்புத் திட்டத்தில் அது ஒரு வரியாக இருக்க வேண்டும்.

கைத்தொழிலில் மனம் இருந்தால் ஐ.டி.ஐ.யைக் குறைவாக நினைக்காதீர்கள். ஃபிட்டர், எலக்ட்ரீசியன் இரண்டும் இரண்டு வருடம். முடித்தால் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) போய் உதவித்தொகையோடு கற்கலாம்.

பதினேழு வயதில் போன் கொடுக்கலாமா?
— வளர்ப்புத் தந்தை, சேலம்

கொடுங்கள். 18 வயதில் திடீரென்று கொடுப்பதுதான் ஆபத்து. யு.பி.ஐ. ரகசிய எண் பணம் அனுப்ப மட்டுமே, பணம் வாங்க ஒருபோதும் தேவையில்லை என்பதை நூறு ரூபாயை அனுப்பி வாங்கிப் பழக்கிக் காட்டுங்கள். "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று வருபவர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலாவது எச்சரியுங்கள். யாரும் கேட்க ஆளில்லாத பிள்ளைகள் அவர்களுக்கு வசதியான இரை. மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியே போனால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், எத்தனை சீக்கிரமோ அத்தனை வாய்ப்பு.

பதினைந்து வருடம் எட்டிப் பார்க்காத மாமா ஒருவர், பெண்ணுக்கு 18 ஆகிறது என்றதும் வந்து, கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைக்கிறேன் என்கிறார். அனுப்பலாமா?
— இல்லச் செவிலியர், தஞ்சாவூர்

அவளிடம் தனியாகக் கேளுங்கள், மாமா அறையில் இல்லாதபோது, ஒரு முறைக்கு மூன்று முறை. 18 முடிந்த பெண்ணை அவள் சம்மதம் இல்லாமல் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. போக விரும்பினால் முதலில் ஒரு வாரம் போய் வரட்டும், சான்றிதழ்கள் இல்லத்திலேயே இருக்கட்டும், திரும்பி வர வழிச்செலவு அவள் கையில் இருக்கட்டும். சொந்தம் வேண்டும் என்ற ஏக்கம் அந்த வயதில் எவ்வளவு பெரியது என்பது உங்களுக்குத் தெரியும், அதைக் கேலி செய்யாமல் பேசுங்கள். மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். வேலைக்குப் போகும் பெண் என்றால் தாம்பரம், திருச்சி, தஞ்சாவூர், வேலூர் போன்ற ஊர்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன.

வருடா வருடம் மகன் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்தில் பிரியாணி போடுகிறோம். பெரிய பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது செய்யலாமா?
— வாசகி, சென்னை

செய்யலாம். இல்ல நிர்வாகத்தின் வழியாகப் புறப்படும் ஒரு பிள்ளையின் முதல் மாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள், மேலே போட்ட கணக்குப்படி சுமார் 12,500. முடிந்தால் அதைவிடக் கடினமான ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள்: வீட்டுக்காரர் "உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கும்போது சொல்ல ஒரு பெயராக இருங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக் கொடுக்க உடன் செல்லுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதவையுங்கள், அறையெடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாறுவது அங்கேதான்.

முதல் மூன்று மாதம் ஞாயிறுதோறும் நீங்களே அழையுங்கள். அவர்கள் அழைக்க மாட்டார்கள், தொந்தரவு என்று நினைப்பார்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், கையில் எவ்வளவு இருக்கிறது, இந்த வாரம் யாரோடு பேசினாய் என்று கேளுங்கள்.